நாலு ஓட்டை ஹப்பு

யாரு, அர்த்தனாரி ஊட்டுல இருந்தா வர்றீங்க? அப்படின்னா எந்திரிச்சுப் போயிருங்க. கோவிச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லலை. அந்தப் பேரை இந்த ஸ்டுடியோவுக்குள்ள யாரும் சொல்றதில்லை, தை மாசத்தோட அதெல்லாம் முடிஞ்சு போச்சு.

இல்ல, இருங்க. ஒக்காருங்க. இந்த வெயில்ல மாடிப்படி ஏறி வந்திருக்கறீங்க, ஒரு வாய்த் தண்ணி குடுக்காம அனுப்புனா அது மொறை இல்லை. மாப்பிள்ளைக்கு அண்ணனுங்களா? கரூரா? சந்தோசமுங்க. தாரணிக்குக் கல்யாணம்னு என்ற காதுலயும் உழுந்துதுங்க. யாரு சொன்னான்னு நெனைக்கறீங்க? பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரன். பெத்தவன் சொல்லலை, டீ ஆத்தறவன் சொல்றான். "என்னங்ணா, மச்சான் ஊட்டுல விசேசமாமா"ன்னு. நான் சக்கரை பத்தலைன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்.

நீங்க வந்த விசயத்தைச் சொல்லவே வேண்டாம், எனக்குத் தெரியும். கல்யாணத்தை லைவ் போடோணும், அதான? உங்க சொந்தத்துல யாராச்சும் துபாய்ல, சிங்கப்பூர்ல இருப்பாங்க, லீவு கெடைச்சிருக்காது. பொண்ணைப் பெத்தவன் மணவறையில நிக்கோணும், கேமராவைப் புடிச்சுட்டு நிக்க முடியாது. காங்கேயத்துல லைவ் ஒழுங்காப் போடத் தெரிஞ்சவன் நானும் அவனும்தான். அதனால வெக்கத்தை உட்டுப்போட்டு உங்களை அனுப்பியிருக்கறான். நான் பண்ணமாட்டனுங்க. லட்ச ரூவா குடுத்தாலும் பண்ணமாட்டேன். ஏன் பண்ணமாட்டேன்னு கேட்டுட்டுப் போங்க தம்பி. நாளைக்கு சம்மந்தி ஆகப்போறீங்க, எப்படிப்பட்டவன் ஊட்டுல பொண்ணு எடுக்கறோம்னு உங்களுக்குத் தெரியோணுமில்ல. பொண்ணு தங்கமுங்க, அதுல ஒரு சொல்லுச் சொல்லமாட்டேன். அப்பனைத்தான் சொல்றேன்.

நானும் அவனும் மீசை மொளைச்ச காலத்துலேயே கூட்டுங்க. ஒரே கேமரா, ஒரே மொபட்டு. படம் அவன் புடிப்பான், ஆளுகளை நான் புடிப்பேன். அவனுக்குப் பேச வராது. வாயில வெரலை வெச்சாக் கடிக்கத் தெரியாதவன்னு ஊரே சொல்லும், நானும் அதைய நம்பிட்டு இருந்தேன். அவன் பொண்டாட்டி பூங்கொடிக்குக் கூடப்பொறந்த ஆம்பளை கெடையாது. கல்யாணமாகி வந்த அன்னைக்கே என்னைய "அண்ணா"ன்னு கூப்பிட்டுச்சு. அதுல இருந்து அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மச்சான். கூடப்பொறந்தவனை நம்புனா ஏமாறலாம்னு நமக்குத் தெரியும், எச்சரிக்கையா இருப்போம். மச்சானை யாருங்க சந்தேகப்படுவா?

என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, நான் சொல்லி முடிச்சர்றேன்.

தை மாசம், சென்னிமலை ரோட்டுல ஒரு மண்டபம். பொண்ணோட அப்பா வண்டியில இருந்து உழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சு கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில கெடக்கறாரு. கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம்னு பேசியிருக்கறாங்க. அவருதான் ஒத்துக்கலை. குறிச்ச முகூர்த்தத்துலயே கட்டட்டும், நான் படுத்துட்டே போன்ல பாத்துக்கறேன்னுட்டாரு. அதுக்குத்தான் எங்களைக் கூப்பிட்டாங்க. மத்தவங்க பாத்தாலும் சரி, பாக்காட்டியும் சரி. அந்த ஒத்தை மனுசன் பாக்கோணும். தன்ற பொண்ணு கழுத்துல தாலி ஏறறதை.

மேடையில அவன் ஒரு கேமராவோட நிக்கறான். பந்தல் ஓரமா ஸ்டாண்டுல இன்னொண்ணு. கீழ டேபிள் போட்டு லேப்டாப்போட நான். ரெண்டு கேமராவுல இருந்தும் ஒயர் வரும். ஒயர் நுனியில ஒரு குச்சி இருக்கும், அந்தக் குச்சியை லேப்டாப்புல சொருகுனாப் படம் உள்ள வரும். அம்புட்டுத்தான் சூட்சுமம். எங்க லேப்டாப்புல மூணு ஓட்டை. ஒண்ணு செத்துப்போச்சு, ஒண்ணு நெட்டுக்குப் போயிரும், மிச்சம் ஒண்ணேதான். ஒரு ஓட்டையில ரெண்டு குச்சியை எப்படீங்க சொருகறது? அதுக்குத்தான் ஹப்புன்னு ஒரு டப்பா. அதுக்கு ஒரு வாலு, நாலு ஓட்டை. வாலை லேப்டாப்புல சொருகிட்டா நாலு சாமானத்தை அதுல மாட்டிக்கலாம். அதைய அவன்தான் வாங்கியாந்தான். இதைய மட்டும் நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, வாங்குனது அவன். இருக்கறதுலயே வெலை கம்மியாப் பாத்து வாங்குடான்னு நான் சொன்னேன், அது வேற விசயம்.

அந்த டப்பாவுக்குத் தனியா ஒரு கரண்டு அடாப்டர் உண்டு. செவுத்துல சொருகறது. அதைய எதுக்கு ஊரூராச் சொமக்கறதுன்னு நான்தான் இந்த அலமாரியில தூக்கிப் போட்டு வெச்சிருந்தேன். அது இல்லாமயே எத்தனையோ கல்யாணம் ஓடியிருக்குதுங்க. ஒரு குறையும் வந்ததில்லை.

அன்னைக்குக் காலையில ஒயர் இழுத்துட்டு இருக்கறப்பக் கேக்கறான், "மச்சான், அடாப்டர் எங்க?"

"எதுக்குடா அது? லேப்டாப்புல இருந்தே கரண்டு வருதில்ல."

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். அப்புறம் சொல்றான், "சரி, ரெண்டு குச்சிதான, தாங்கிக்கும். ஆனா மச்சான், இதுல வேற எதையும் சொருகிராதே. ஒரு மோட்டாருத் தண்ணியை ரெண்டு பைப்புல உட்டிருக்கறோம். மூணாவதைத் தொறந்தா எதுலயும் வராது."

எப்படி இருக்குது பாருங்க. லேப்டாப்பு முன்னால ஒக்காந்து லைவ் போடறவன் நான், எனக்கே தண்ணி பாய்ச்சக் கத்துக்குடுக்கறான். சரி சரின்னு தலையை ஆட்டிட்டு உட்டுட்டேன்.

முகூர்த்தம் நெருங்குது. அப்பத்தான் பொண்ணோட தாய்மாமன் வர்றாரு. ரைஸ்மில்காரர்னு சொன்னா இந்தப் பக்கம் எல்லாத்துக்கும் தெரியும். நெம்பப் பெரிய மனுசன். பொண்ணோட அப்பா படுத்த படுக்கையா இருக்கறாரு, அதனால அந்த மண்டபத்துல எல்லாம் அவருதான். பந்தி அவரு, பஸ்ஸு அவரு, மேளக்காரன் அவரு. வந்து, "தம்பி, போனு சாகப்போகுது. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இதுலதான் கூப்பிடறாங்க. எங்கயாச்சும் சொருகி உடு"ன்னாரு. செவுத்துல இருக்கற பிளக்கை எல்லாம் சீரியல் லைட்டுக்காரன் வளைச்சுப் போட்டுட்டான். நான் என்னங்க பண்ணட்டும்? தாய்மாமன் வந்து கேட்டு, எடம் இல்லீங்கன்னு சொல்ற வாயி நம்ம பக்கத்துல எவனுக்காச்சும் இருக்குதுங்களா? கரூர்ல இருக்குதா? சொல்லுங்க. பொண்ணு ஊட்டுச் சோத்தைத் தின்னுப்போட்டு தாய்மாமனை மொகம் சுளிக்க வெச்சா நாளைக்கு எவன் கூப்பிடுவான்? ஹப்புல ரெண்டு ஓட்டை சும்மாதான கெடக்குது. சொருகி உட்டேன். அவரும் தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போனாரு. இதெல்லாம் ஒரு விசயமே இல்லீங்க, நடந்ததை உடாம சொல்லோணுமேன்னு சொல்றேன்.

தாலியைத் தட்டுல வெச்சு எல்லாரும் தொட்டுக் கும்பிடறதுக்குக் கொண்டுட்டு வர்றாங்க. மேளக்காரரு கெட்டிமேளத்துக்குக் கையை ஓங்கறாரு. அந்த நேரம் பாத்து லேப்டாப்பு 'டுடும்'ங்குது. அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியுமான்னு தெரியலை. சொருகுனது கழண்டு போச்சுன்னா வர்ற சத்தம். மேடைக் கேமராப் படம் இருந்த எடத்துல ஒரே கருப்பு.

குச்சியைப் புடுங்கித் திருப்பிச் சொருகுனேன். 'டடிங்'னு வந்துது. சரி வந்துருச்சுன்னு மூச்சு உடறேன், திருப்பி 'டுடும்'. இந்தத் தடவை ரெண்டு கேமராவும் போச்சு. ஓட்டையை மாத்திச் சொருகுனேன். வந்துது, போச்சு. பையில இருந்து வேற ஒயரு எடுத்து மாட்டுனேன். வந்துது, போச்சு. ஹப்பைக் கையில தூக்கி ஒரு தட்டுத் தட்டுனேன். அதுக்கும் வந்துது, அப்புறம் போச்சு. கண்ணு முன்னால வந்து வந்து போகுதுங்க. ஒரேயடியாப் போயிருந்தாக்கூட மனசைத் தேத்திக்குவேன். கடைசிக்கு லேப்டாப்பையே அணைச்சுப் போட்டேன். அது மெதுவாச் சுத்திட்டுச் சுத்திட்டு வருது. மேடையில கெட்டிமேளம் கொட்டறாங்க, எல்லாரும் அட்சதை வீசறாங்க, என்ற மேல வந்து அரிசி உழுகுது. நான் சுத்தற வட்டத்தையே பாத்துட்டு ஒக்காந்திருக்கறேன்.

இத்தனை நேரமும் அவன் மேடையில நின்னுட்டு எனக்கு என்னமோ சைகை காட்டறான். கையைக் காதுல வெச்சு வெச்சுக் காட்டறான், அப்புறம் புடுங்கற மாதிரி இழுத்துக் காட்டறான். போன் பேசோணும்ங்கறானா, என்ன எழவோ. தாலி ஏறற வரைக்கும் அவன் கேமராவை உட்டு நகர முடியாது, சரி. ஏறி முடிஞ்சதும் ஒரே ஓட்டமா வந்தான். வந்தவன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? முதல்ல ரைஸ்மில்காரரு போனைப் புடுங்கி டேபிள் மேல வெச்சான். அப்புறம் ஹப்பையே கழட்டி அக்கட்டப் போட்டான். மேடைக் கேமராக் குச்சியை நேரா லேப்டாப்புல சொருகுனான். 'டடிங்'. வந்த படம் வந்ததுதான், மத்தியானம் பந்தி முடியற வரைக்கும் அசையலை.

இங்கதானுங்க எனக்குப் பொறி தட்டுச்சு. நான் அம்புட்டு நேரம் மாத்தி மாத்திச் சொருகியும் புடிபடாத சங்கதி, வந்த வேகத்துல அவனுக்கு எப்படிப் புடிபட்டுது? முன்னாலயே தெரிஞ்சு வெச்சிருந்தவனுக்குத்தான அப்படிக் கை போகும்? நீங்களே சொல்லுங்க. நான் ஒண்ணும் சின்னப் பையன் இல்லை.

சரி, அதை உடுங்க. படம் வந்துருச்சு, ஆனா தாலி ஏறிருச்சே. பொண்ணோட அம்மா கையில போனு. ஆஸ்பத்திரியில இருந்து அந்த மனுசன் கேக்கறாரு. ஸ்பீக்கர்ல போட்டிருக்குது, எனக்கே கேக்குது. "கட்டியாச்சா? ஏம்புள்ள, கட்டியாச்சா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. கருப்பா இருக்குதே." அந்தம்மா போனைப் புடிச்சுட்டு முழிக்குது. கட்டியாச்சுன்னு சொல்றதா, இல்லைன்னு சொல்றதா? அந்த "கருப்பா இருக்குதே"ங்கறது இன்னும் என்ற காதுல கெடக்குதுங்க. பொய் சொல்லலை.

அப்புறம் சுத்தி ஆளு சேந்துருச்சு. ரைஸ்மில்காரரு வந்து, "என்ற போனை எவன்டா புடுங்கிப் போட்டது"ன்னு சத்தம் போடறாரு. அவரு போட்டா மண்டபமே போடும். எல்லாரும் என்ற மொகத்தைப் பாக்கறாங்க. லேப்டாப்பு முன்னால ஒக்காந்திருந்தவன் நான்தான. அப்பச் சொன்னேன், "இந்த டப்பா இவன் வாங்கியாந்ததுங்க. நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன். இவன்தான் கேக்கலை"ன்னு. அப்பவே சொன்னியான்னு கேட்டுறாதீங்க. அந்த நேரத்துல அதான் வாயில வந்துது.

அவன் என்னையத் திரும்பிப் பாத்தானுங்க. ஒரு பார்வைதான். அப்புறம் பொண்ணோட அம்மா பக்கம் திரும்பிக் கையைக் கும்பிட்டு, "தப்பு எங்க பேர்லதானுங்கம்மா, மன்னிச்சுக்குங்க"ன்னான். எதுத்து ஒரு வார்த்தை பேசலை. தப்பு செய்யாதவன் பேசாம இருப்பானுங்களா? நானா இருந்தா மண்டபம் இடிஞ்சு உழுகற மாதிரி கத்தியிருப்பேன். அதுலயும் பாருங்க, "எங்க பேர்ல"ங்கறான். என்னையும் சேத்துக்கிட்டான்.

வண்டியில திரும்பி வர்றப்பத்தான் வாயைத் தொறந்தான். "மச்சான், அவரு போனைச் சார்ஜுல போட்டதுதான் காரணம். இழுக்கற கரண்டை எல்லாம் அது இழுத்துக்கிச்சு. குச்சிக்குப் பத்தலை."

"இதைய அங்கயே சொல்றதுக்கென்னடா?"

"எப்படிச் சொல்றது? அப்பன் பாக்க முடியாமப் போனது தாய்மாமன் போனாலன்னு அத்தனை பேரு முன்னால சொன்னா, அந்தப் பொண்ணு வாழ்நாளெல்லாம் அதைய நெனைச்சுட்டு இருக்கும். அவ மாமனுக்கும் அப்பனுக்கும் ஆகாமப் போயிரும். நம்மளை வைஞ்சா வைஞ்சுட்டுப் போறாங்க."

எப்படிப் பூசி மொழுகறான் பாத்தீங்களா? தாய்மாமன் மேல பழி, சொருகுனவன் மேல பழி, இவன் மட்டும் உத்தமன். ஒரு போனு சார்ஜ் ஏறறதுக்கு லைவ் போகுமாமா? நான் ஊட்டுல டிவியைப் போட்டுட்டு மிக்ஸியும் போடறேன், டிவியா அணைஞ்சு போகுது?

அடுத்த நாள் அதுக்கு மேல ஒரு வேலை பண்ணுனான். காலையில நான் வர்றதுக்கு முன்னாலயே வந்து, இதே டேபிள்ல, நீங்க கையை வெச்சிருக்கறீங்களே அந்த எடத்துல, ஹப்பு, குச்சி, கேமரா எல்லாத்தையும் மாட்டி வெச்சிருக்கறான். "மச்சான், சும்மா பாரு"ங்கறான். ரெண்டு கேமராவும் ஓடுது. தன்ற போனை எடுத்து ஹப்புல சொருகுனான். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை, அப்புறம் 'டுடும்'. போனைப் புடுங்குனான், 'டடிங்'. திருப்பிச் சொருகுனான், 'டுடும்'. அப்புறம் அலமாரியில இருந்து அந்த அடாப்டரை எடுத்துச் செவுத்துல மாட்டுனான். இப்பப் போனைச் சொருகறான், ஒண்ணும் ஆகலை. இன்னொரு போனையும் சொருகறான், அப்பவும் ஒண்ணும் ஆகலை. என்னையப் பாக்கறான். 

எப்பப் போகும், எப்ப வரும்னு அவனுக்கு அத்தனையும் தெரிஞ்சிருக்குது. அவன் நெனைச்சாப் போகுது, அவன் நெனைச்சா வருது. அப்படின்னா அந்த முகூர்த்தம் யாரு கையில இருந்துதுங்க? தெரிஞ்சவன் முன்னாலயே அடிச்சுச் சொல்லியிருக்க வேண்டாமா? ஆமாங்க, சொருகாதேன்னு சொன்னான். சொன்னான்னு நான்தான் உங்ககிட்டச் சொன்னேன். ஆனா எப்படிச் சொன்னான்? பைப்பு, மோட்டாருன்னு சொன்னான். "தாய்மாமன் வந்து போனை நீட்டுனாலும் சொருகாதே"ன்னு சொன்னானா? அப்படிச் சொல்லியிருந்தா நான் சொருகியிருப்பனா? மனுசனுக்கு வெளங்கற மாதிரிச் சொல்லோணுங்க.

இதோட போச்சுன்னு நெனைச்சீங்களா? பத்து நாள் கழிச்சு ரைஸ்மில்காரரைச் சந்தையில பாத்தேன். அவரு சொல்றாரு, "உன்ற கூட்டாளி நல்லவன்யா. அன்னைக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போயி, கேமராவுல பதிவானதை டிவியில போட்டுத் தாலி கட்டறதை எங்க மச்சானுக்கு, பொண்ணோட அப்பாவுக்கு, காட்டிப்போட்டு வந்துட்டான். மச்சான் அழுதுட்டாரு. நாலு தடவை போடச் சொல்லிப் பாத்தாராமா." எனக்கு எப்படி இருந்திருக்கும்? கோயமுத்தூரு வரைக்கும் தனியாப் போயிருக்கறான். என்னையக் கூப்பிடலை. வந்தும் சொல்லலை. கெட்ட பேரு வாங்கறப்ப "எங்க பேர்ல", நல்ல பேரு வாங்கறப்ப இவன் மட்டும்! என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா, அந்த மனுசன் கையைப் புடிச்சு நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பனுங்க. எனக்கும் இருந்துதுங்க சொல்றதுக்கு. அந்த "கருப்பா இருக்குதே" என்ற காதுல இருந்தும் எறங்கியிருக்குமில்ல? அதைக் கெடுத்துப்போட்டான். அதுதானுங்க துரோகம். ஹப்பு எல்லாம் சும்மா.

இருங்க தம்பி, இன்னும் கொஞ்சந்தான். தண்ணி குடிங்க.

அன்னைக்கு வந்து சத்தம் போட்டேன். "நீ பேசாம இருந்தே கழுத்தறுத்துட்டடா. இனிமே இந்தப் படி ஏறாதே. உன்ற மொகத்துலயே முழிக்கமாட்டேன்"ன்னு சொல்லிப்போட்டேன். கோவத்துல சொல்றதுதானுங்க. ஊர்ல யாரு சொல்லாம இருக்கறா? நாலு நாள் போனா ஏறி வருவான், டீ வாங்கியாரச் சொல்லுவேன், அதோட முடிஞ்சு போகும்னு இருந்தேன். வரலீங்களே! படி ஏறாதேன்னா அப்படியே புடிச்சுக்கிட்டான். இத்தனை வருசமா நான் சொன்ன எந்தச் சொல்லைக் கேட்டான், இதை மட்டும் கேக்கறதுக்கு? கேமராவைக்கூட எடுக்க வரலை. அதா, அந்த மூலையில கெடக்குது பாருங்க, கறுப்புப் பை. வாடகைக் கேமராவுல படம் புடிச்சுட்டு இருக்கறானாமா. என்னையக் குத்தவாளி ஆக்கறதுக்குத்தான அது? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க, மச்சான் கேமராவைப் புடுங்கி வெச்சுக்கிட்டான்னு சொல்லமாட்டாங்க? நான் வாராவாரம் பேட்டரியைச் சார்ஜ் போட்டு வெக்கறேன், அது எவனுக்குத் தெரியும்?

இப்பத் தாரணி கல்யாணம். அந்தப் புள்ளைக்குக் காது குத்தறப்ப யாரு மடியில வெச்சுட்டு ஒக்காந்தாங்கன்னு அவனைக் கேளுங்க. என்ற மடியிலதானுங்க. பூங்கொடிக்குக் கூடப்பொறந்தவன் இல்லைன்னு ஊர்ல ஒரு மாதிரிப் பேசுனப்ப, நான் இருக்கறேன்னு பட்டும் பவுனும் தட்டுல வெச்சுட்டுப் போனேன். காது குத்துனதும் புள்ளை வீல்னு கத்தி என்ற வெரலைக் கடிச்சு வெச்சுருச்சு. வயசுக்கு வந்தப்பச் செஞ்ச சீருக்கும் நான்தான் மாமன். மேடைக்குக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது தாய்மாமன்தானுங்க, உங்களுக்குத் தெரியாதா. இப்ப அந்த எடத்துக்கு வேற எவனையாச்சும் ஒண்ணுவுட்ட மாமன்னு புடிச்சுட்டு வந்திருப்பான். என்னைய டேபிள்ல ஒக்கார வெச்சு லேப்டாப்பைத் தட்டச் சொல்றான். அவன் புள்ளைக்கு மாமனா நின்னவனைக் கூலிக்குக் கூப்பிடறான், அதுக்கும் தான் வராம ஆளு உட்டு அனுப்பறான். இதைய எங்க போய்ச் சொல்றது? போய்ச் சொல்லுங்க, நல்லசிவம் வரமாட்டான்னு. அவன் புடிச்ச கேமராவைத் தொடமாட்டேன்னு சொல்லுங்க. முடிஞ்சுதுங்க, அம்புட்டுத்தான். இப்ப நீங்க சொல்லுங்க.

என்னங்க?

லைவுக்கு வரலீங்களா? அப்புறம்? வீடியோவுக்கு வேற ஆளு சொல்லியாச்சா? யாருங்க அது? ஈரோட்டுக்காரனா! அவனுக்குப் பொண்ணு மொகத்துக்கு லைட்டு வெக்கவே தெரியாதுங்களே. தாரணி கல்யாணத்தை ஈரோட்டுக்காரன்கிட்டக் குடுத்தானா? என்னைய ஒரு வார்த்தை கேக்காம? பாத்தீங்களா, இதைத்தான் சொல்றேன். இத்தனை வருசக் கூட்டுல... சரி, சொல்லுங்க. நான் பேசலை, சொல்லுங்க.

தாரணியா அனுப்புச்சு?

மாமன் கையைப் புடிக்காம மேடை ஏறமாட்டேன்னு சொல்லுதா? வேற ஆளே வேண்டாமாமா? சொந்தக்காரங்க எல்லாம் பேசிப் பாத்தாங்களா. அவன் என்ன சொன்னான்? அர்த்தனாரி, அவன் என்ன சொன்னான்? "அந்த எடம் மச்சானுது, வந்தா நிக்கட்டும், வராட்டிச் சும்மா கெடக்கட்டும், வேற ஆளை நிறுத்தமாட்டேன்"னு சொன்னானா. அதான் கேமராவுக்கு ஈரோட்டுக்காரனா. மாமன் மேடையில நிக்கோணும், படம் புடிக்க முடியாதுன்னு.

இல்லீங்க, ஒண்ணுமில்லை. தூசி. இந்த ஃபேனைத் தொடைச்சு நெம்ப நாளாச்சு.

அதுக்குத் தெரியாதுங்களா, ஒரு போன் அடிக்கறதுக்கு? மாமான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நான் என்ன கல்லா? உங்களை வெயில்ல கரூர்ல இருந்து வர வெச்சு... அடிச்சுதா? எத்தனையோ தடவை அடிச்சுதா? எனக்கு வரவே இல்லீங்களே. பூங்கொடியும் அடிச்சுச்சா? இருங்க. இருங்க, போனை எடுக்கறேன்.

அன்னைக்கு இருந்த கோவத்துல அந்த ஊட்டு நம்பரு மூணையும் பிளாக் பண்ணி வெச்சேனுங்க. அவனுதுதான் முதல்ல. அவன்மேல கோவம், அதுக்கு அந்தப் புள்ளை என்ன பண்ணுச்சு, எதுக்கு அதையும் சேத்து அமுக்குனேன்னு தெரியலை. மனசுல இருந்தே போயிருச்சு. நானும் இத்தனை மாசமா இது சத்தமே போட மாட்டேங்குதேன்னு பாத்துட்டு ஒக்காந்திருந்தேன். இந்தாங்க, நீங்க கொஞ்சம் பாருங்க. கண்ணாடி போடாம எனக்குத் தெரியமாட்டேங்குது. பிளாக் பண்ணுனதை எப்படீங்க எடுத்து உடறது?

ம். தாரணி. எடுத்து உடுங்க. அது பூங்கொடி, அதையும் எடுத்து உடுங்க. என்ன கலர்ல பட்டு வேணும்னு தாரணிகிட்டக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க, மாமன் பட்டு நான்தான் எடுக்கோணும்.

அதுக்குக் கீழயா? அது அவன் நம்பரு.

அது கெடக்கட்டும்.

அட, எதுக்கு மூடறீங்க. அதையும்தான் எடுத்து உடுங்க. நான் எடுத்துப் பேசமாட்டேன், அதைச் சொல்லிப்போட்டேன். அடிச்சா அடிக்கட்டுமுங்க.